படகு எங்கே கிடக்கும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

கேள்வியின் சுருக்கம் இது: சேலம் அஸ்தம்பட்டியில் சொந்த வீடு. கணவருக்கு 54, மனைவிக்கு 50. மகள் வேலைக்குப் போய்விட்டாள். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நாலைந்து வருஷம் பாய்மரப் படகிலேயே குடியிருக்க ஆசை. கையில் 45 லட்சம் இருக்கிறது. பழைய படகில் எந்த மாடல் வாங்கலாம், ஸ்டீல் படகு நல்லதா, வாங்கி இந்தியாவுக்கே கொண்டுவந்துவிடலாமா?

நான் கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது வீடு ஏற்காட்டில், நாகலூர் போகும் வழியில். பழைய படகு வாங்கப் போகிறவர்களோடு துணைக்குப் போய், பார்த்துக் கருத்துச் சொல்லும் பழக்கம் உண்டு. எல்லோரும் மாடலில்தான் தொடங்குகிறார்கள். உங்கள் மூன்று கேள்விகளில் கடைசிக் கேள்விக்குத்தான் நான் முதலில் பதில் சொல்ல வேண்டும். படகு வருஷத்தில் எத்தனை மாதம் எந்தத் துறைமுகத்தில் கிடக்கும், அங்கே நீங்கள் சட்டப்படி எத்தனை நாள் இருக்கலாம் என்பது தெரியாமல் மாடல் பார்ப்பதில் பயன் இல்லை.

சேலத்துக்காரருக்கு இதில் ஒரு வசதி உண்டு. எந்தக் கரையும் நமக்குப் பக்கம் இல்லை, அதனால் எந்தக் கரைமேலும் பிடிவாதம் வேண்டியதில்லை. புதுச்சேரி சுமார் 200 கிலோமீட்டர். சென்னையும் கொச்சியும் ஏறத்தாழ 350. கிழக்குக் கரையில் குடும்பத்தோடு படகில் வாழ வசதியுள்ள மரீனா (படகுகளைக் கட்டி நிறுத்தும் துறை) என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. சென்னைத் துறைமுகத்துக்குள் 1911-ல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. பாய் விடக் கற்றுக்கொள்ள அருமையான இடம், குடியிருக்கும் இடம் அல்ல. வங்காள விரிகுடாவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு புயல் பருவம், ஏப்ரல், மே மாதங்களில் இன்னொன்று. மேற்கே கொச்சி பொல்காட்டித் தீவில் மரீனா இருக்கிறது. மின்சாரம், தண்ணீர் எல்லாம் உண்டு. ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தக் கரையில் பாய்மரப் படகுக்கு வேலை இல்லை.

பருவத்தைக்கூடச் சமாளிக்கலாம், வரியைச் சமாளிக்க முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் உல்லாசப் படகுகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். 28 லட்சத்துக்கு வெளிநாட்டில் வாங்கிய படகை இங்கே இறக்குமதி செய்தால் இந்த ஒரு வரி மட்டுமே 11 லட்சத்தைத் தாண்டும். சுங்க வரி தனி. அந்தப் பணத்தில் ஒரு பழைய படகின் பாய்மரத்தைத் தாங்கும் கம்பி, பாய், பேட்டரி எல்லாவற்றையும் புதுசாக்கிவிடலாம். ஆக, இந்தியாவுக்குக் கொண்டுவரும் யோசனையை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் பதில்.

உங்களுக்கு நான் சொல்லும் இடம் மலேசியாவின் லங்காவி. 1987 முதல் அது வரியில்லாத் தீவு. ஆஸ்திரேலியாவிலிருந்தும் பசிபிக்கிலிருந்தும் வருகிற நெடுந்தூரப் படகுகள் மேற்கே போகுமுன் அங்கேதான் மூச்சு வாங்குகின்றன. 2008-க்குப் பிறகு சோமாலியக் கடற்கொள்ளையர் தொல்லை, 2023 இறுதியிலிருந்து செங்கடல் தாக்குதல்கள் என்று சூயஸ் வழி அடிக்கடி அடைபடுவதால், பலருடைய உலகப் பயணம் லங்காவியிலோ தாய்லாந்தின் புக்கெட்டிலோ முடிந்துபோகிறது. வயதாகிறது, பேரன் பிறக்கிறான், ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தெம்பில்லை, படகை விற்றுவிடுகிறார்கள். இப்படி வரும் படகுகளில் நங்கூரம், சோலார், கடல்நீரைக் குடிநீராக்கும் வாட்டர்மேக்கர், காற்றே சுக்கானைப் பிடிக்கும் விண்ட்வேன் எல்லாம் ஏற்கெனவே இருக்கும். ஐரோப்பாவில் வாரயிறுதிக்கு மட்டும் ஓடிய படகை வாங்கினால் இவை ஒவ்வொன்றையும் நீங்கள்தான் வாங்கிப் பொருத்த வேண்டும்.

போக்குவரத்தும் சுலபம். சேலத்திலிருந்து திருச்சி மூன்று மணி நேரத்துக்குள், அங்கிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம், அப்புறம் உள்ளூர் விமானத்தில் லங்காவி. பினாங்கு ஒரு நாள் பாய்த் தொலைவில் இருக்கிறது. கறிவேப்பிலையும் இட்லி அரிசியும் தமிழில் கேட்டு வாங்கலாம்.

இங்கே ஒரு முடிச்சு. 2023 டிசம்பரிலிருந்து மலேசியா இந்தியர்களை விசா இல்லாமல் 30 நாள் அனுமதிக்கிறது. படகு அங்கே மாதக்கணக்கில் கிடக்கலாம், நீங்கள் கிடக்க முடியாது. வெள்ளைக்காரர்கள் எழுதுவதைப் படித்துவிட்டுப் பலர் இதைக் கவனிப்பதில்லை. அவர்களுடைய பாஸ்போர்ட்டின் கணக்கு வேறு. தாய்லாந்து, மலேசியா என்று மாறி மாறிப் போகலாம், ஆனால் விமான நிலையத்தில் கிடைக்கும் அனுமதி சின்னத் துறைமுகத்தில் அப்படியே கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். புறப்படுமுன் அந்தத் துறைமுகத்துக்கே எழுதிக் கேட்டுப் பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதனால் “வருஷம் முழுக்கப் படகிலேயே” என்ற திட்டத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள். அந்தமான் கடலில் நல்ல பருவம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. அந்த மாதங்களில் இடையிடையே வெளியேறி வந்து படகில் இருங்கள். மழைக்காலத்தில் படகைக் கரையேற்றித் தாங்குகட்டையில் நிறுத்திவிட்டு, மாம்பழ சீசன் முடிவதற்குள் சேலம் வந்துவிடுங்கள். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவும் தப்பாது. அஸ்தம்பட்டி வீட்டை முழுசாக வாடகைக்கு விடாமல் மாடியை வைத்துக்கொள்வது நல்லது என்பேன்.

இனிப் பணம். 45 லட்சம் என்பது இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 50,000 டாலர். அதை முழுக்கப் படகின் விலையாகக் கொடுத்துவிட்டால் அடுத்த வருஷமே படகை விற்க வேண்டிவரும். படகுக்கு 28 லட்சத்துக்கு மேல் போகாதீர்கள். பரிசோதனை, பயணம், பதிவு, முகவர் என்று 3 லட்சம் போகும். வாங்கிய முதல் வருஷத்துப் பழுதுபார்ப்புக்கு 9, 10 லட்சம் ஒதுக்குங்கள். மிச்சம் தொடாமல் இருக்கட்டும். ஒவ்வொரு வருஷமும் படகின் விலையில் பத்தில் ஒரு பங்கு பராமரிப்புக்குப் போகும் என்பது படகுக்காரர்களிடையே பழைய கணக்கு. விலை குறைந்த பழைய படகுக்கு அந்தப் பத்து போதாது, ஏனென்றால் எஞ்சினுக்கோ பாய்க்கோ உங்கள் படகு மலிவாகக் கிடைத்தது என்று தெரியாது. 40 குதிரைத்திறன் புது டீசல் எஞ்சினை வாங்கிப் பொருத்த 15,000 டாலர் சாதாரணமாகப் போகும். 38 அடிப் படகின் பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளை மொத்தமாக மாற்ற 5,000-க்குக் குறையாது.

இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவது ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ். ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை போகலாம், உங்களுக்கு அந்த வரம்பு தடையே இல்லை. 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ், அதாவது முன்கூட்டியே வசூலிக்கும் வருமானவரி, பிடிக்கும். ஒரே பெயரில் 30 லட்சம் அனுப்பினால் 4 லட்சம் வங்கியிலேயே நின்றுவிடும். வருமானவரிக் கணக்கில் அது உங்களுக்குத் திரும்ப வரும், ஆனால் படகுக்காரருக்குக் கொடுக்க வேண்டிய வாரத்தில் கையில் இருக்காது. கணவன் மனைவி இருவருக்கும் சொந்த வருமானமும் பான் கணக்கும் இருந்தால் ஆளுக்குப் பாதி அனுப்புங்கள், பிடித்தம் 2 லட்சமாகக் குறையும். அப்புறம் அந்தப் படகை ஒவ்வொரு வருஷமும் வருமானவரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்டியாக வேண்டும். விட்டுவிட்டால் கறுப்புப் பணச் சட்டத்தின்கீழ் அபராதம் 10 லட்சம் வரை போகலாம். உங்கள் ஆடிட்டர் இதுவரை படகைப் பார்த்திருக்க மாட்டார், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இப்போது படகுக்கு வருவோம்.

நீளம் 36 முதல் 38 அடி. கொச்சியில் வளர்ந்த அபிலாஷ் டாமி 2022-23 கோல்டன் குளோப் பந்தயத்தில் ரஸ்ட்லர் 36 என்ற 36 அடிப் படகில் தனியாக உலகைச் சுற்றி, 236 நாளில் இரண்டாவதாக வந்தார். 1988-க்கு முன் வடிவமைத்த, நீண்ட கீல் (படகு கவிழாமல் அடியில் இருக்கும் கனமான துடுப்பு) கொண்ட, 32 முதல் 36 அடிப் படகுகளுக்கு மட்டுமே அந்தப் பந்தயத்தில் அனுமதி. ஆகவே உறுதிக்கு நீளம் காரணம் இல்லை. ஆனால் அந்த வகைப் படகைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். அவை தென் கடலின் அலைக்குக் கட்டியவை: ஒடுக்கம், உள்ளே இருட்டு, காற்றோட்டம் குறைவு. படகில் குடியிருப்பவர்கள் பெரும்பாலான நாட்களை நங்கூரத்தில்தான் கழிக்கிறார்கள். லங்காவி வெயிலில் நங்கூரத்தில் நிற்கும் படகுக்குப் கூரையில் திறக்கும் பெரிய ஹாட்ச் கதவுகளும் நல்ல நிழல்துணியும் மின்விசிறியும்தான் உயிர். 40 அடிக்கு மேல் போனால் மரீனா வாடகை, பாய், நங்கூரச் சங்கிலி, அடிப்பாகப் பெயின்ட் எல்லாம் கூடவே ஏறும். பராமரிப்பும் இருவர் உடம்புக்கு ஒத்துவராது.

மாடல் கேட்டீர்களே. 1985-லிருந்து 2000 வரை கட்டிய மூடி 376, பெனட்டோ ஓஷனிஸ் வரிசை, ஜானோ சன் ஒடிஸி 37 போன்றவை உங்கள் தொகைக்குள் வரலாம். தைவானில் கட்டிய டயானா 37 கடலுக்கு நல்ல படகு, ஆனால் டெக்கின் (மேல்தளத்தின்) மேல் தேக்குப் பலகையைத் திருகால் இறக்கியிருப்பார்கள். நூற்றுக்கணக்கான திருகு ஓட்டைகள், ஒவ்வொன்றும் மழைநீர் இறங்கும் வழி. ஐலண்ட் பாக்கெட் வீடுபோல் விசாலமாக இருக்கும், அதன் பிரச்சினையைக் கீழே சொல்கிறேன். சார்ட்டர் கம்பெனியில், அதாவது வாடகைக்கு விடும் கம்பெனியில், ஓடிய படகு மலிவாக வரும். அறைகள் நிறைய, தண்ணீர்த் தொட்டி சிறிசு, எஞ்சின் ஓடிய மணி அதிகம், வாராவாரம் புது ஆள் ஓட்டித் தரை தட்டியிருப்பான். எனக்குப் பிடிப்பதில்லை. ஒரே ஜோடி பத்து வருஷம் வாழ்ந்த படகை, அவர்கள் எழுதிய லாக் புத்தகத்தோடும் ரசீதுக் கட்டோடும் வாங்குவதையே நான் விரும்புவேன்.

ஸ்டீல் நல்லதா? சேலத்துக்காரர்களுக்கு ஸ்டீல்மேல் ஒரு பாசம், புரிகிறது. ஸ்டீல் படகு பவளப்பாறையில் மோதினால் பள்ளம் விழும், உடையாது. ஆனால் அது வெளியிலிருந்து துருப்பிடித்துக் கெடுவதில்லை, உள்ளேயிருந்துதான் கெடும். மெத்தைக்குக் கீழே, தொட்டிக்குப் பின்னால், கை போகாத மூலையில் நீர் தேங்கி அரிக்கும். அல்ட்ராசோனிக் கருவியால் தகட்டின் தடிப்பைக் கட்டம் கட்டமாக அளந்த அறிக்கை இல்லாமல் ஸ்டீல் படகை வாங்கவே கூடாது. வெல்டிங் தெரிந்தவருக்கு அது சரி, மற்றவர்களுக்கு வேண்டாம். அலுமினியம் இன்னும் நல்லது. சேர்வராயன் மலையின் பாக்சைட் கீழே மேட்டூருக்குப் போய் அலுமினியமாகிய ஊர்க்காரர்கள் நாம், ஆசை வரத்தான் செய்யும். ஆனால் நல்ல அலுமினியப் படகு உங்கள் தொகைக்கு வராது. ஃபைபர்தான் உங்களுக்கு.

ஃபைபர் படகு என்றதும் எல்லோரும் பயப்படுவது ஆஸ்மோசிஸ். நீரில் மூழ்கிய பாகத்தில் ஈரம் உள்ளே புகுந்து சின்னச் சின்னக் கொப்புளமாக எழும்பும். பார்க்க அருவருப்பாக இருக்கும், விலை பேச உதவும், ஆனால் அதனால் மூழ்கிய படகு அரிது. நான் அதைவிட டெக்குக்குத்தான் பயப்படுவேன். டெக் என்பது இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பால்சா மரம் வைத்த சாண்ட்விச். எங்கேயாவது ஒரு போல்ட் ஓட்டை வழியாக நீர் இறங்கினால் நடுவிலுள்ள மரம் கூழாகிவிடும். பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் டக் டக்கென்று கூர்மையாக ஒலிக்கும், கெட்ட இடத்தில் சத்தம் செத்துக் கேட்கும். பாய்மரத்தின் அடி, கைப்பிடிக் கம்பிகளின் கால், நங்கூரத்தை இழுக்கும் விஞ்ச் இருக்கும் அணியம் (படகின் முன்பக்கம்) ஆகிய மூன்றையும் விடாதீர்கள். டெக்கைத் திறந்து மரம் மாற்றுவது மாதக்கணக்கான வேலை.

அடுத்தது ஸ்டெயின்லெஸ். அது துருப்பிடிக்காது என்று உருக்காலை ஊரில் சொல்லிப் பழகிவிட்டோம். கடலில் அது பாதி உண்மை. அதன் பாதுகாப்பு மேலே படிந்திருக்கும் குரோமியம் ஆக்சைடு என்ற மெல்லிய படலம். கீறல் விழுந்தாலும் ஆக்சிஜன் பட்டால் படலம் தானே மறுபடி உருவாகும். உப்புநீர் தேங்கி நிற்கும், ஆக்சிஜன் போகாத இடுக்கில் அது உருவாகாது. அங்கே குளோரைடு உள்ளே துளைத்துக்கொண்டு போகும், வெளியே பளபளப்பு அப்படியே இருக்கும். ஸ்டெயின்லெஸ்ஸில் 316 என்ற வகையில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் 304 என்ற வகையைவிடத் தாங்கும், ஆனால் அதுவும் விதிவிலக்கல்ல. படகில் இந்த இடுக்கு எங்கே இருக்கிறது? பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் படகோடு சேரும் பட்டை இருக்கிறதே, செயின்பிளேட், அது டெக்கைத் துளைத்து உள்ளே இறங்கும் அந்த அரை அங்குலத்தில். மேலே பார்த்தால் கண்ணாடி, கீழே பார்த்தால் கண்ணாடி, நடுவில் பாதி தின்றுபோயிருக்கும். அது அறுந்தால் பாய்மரம் விழும். குறைந்தது ஒரு செயின்பிளேட்டையாவது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பழைய ஐலண்ட் பாக்கெட் படகுகளில் இதை ஃபைபருக்குள்ளேயே புதைத்துக் கட்டியிருப்பார்கள், கழற்றிப் பார்க்க வழி இல்லை. அந்தப் படகில் இதற்குச் செய்த வேலையின் ரசீது இருந்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் அதற்கான செலவை விலையில் குறைக்கச் சொல்ல வேண்டும்.

கம்பிகளையும் இதே கண்ணோடு பாருங்கள். கம்பி நுழையும் குழாய் முனையில் மயிரிழை விரிசலோ பழுப்புக் கறையோ தெரிந்தால் காலம் முடிந்தது என்று அர்த்தம். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாக மாற்றுவது வழக்கம், இன்சூரன்ஸ்காரர்களும் மாற்றிய தேதியைக் கேட்பார்கள். “போன வருஷம்தான் கம்பி வேலைக்காரர் பார்த்தார், நன்றாக இருக்கிறதென்றார்” என்று விற்பவர் சொன்னால் ரசீது கேளுங்கள்.

கீலைச் சாதாரணமாக விடாதீர்கள். 2014 மே மாதம் சீக்கி ராஃபிகி என்ற பெனட்டோ 40.7 படகு அட்லாண்டிக்கில் கீல் கழன்று கவிழ்ந்து நால்வர் இறந்தார்கள். முன்பு தரை தட்டியதும் அதற்குச் செய்த பழுதுபார்ப்பும் கீலைத் தாங்கும் உள்கட்டமைப்பைத் தளர்த்தியிருக்கலாம் என்று பிரிட்டிஷ் விசாரணை சொன்னது. ஆகவே தரைப்பலகையைத் தூக்கி, கீல் போல்ட்டுகளைச் சுற்றித் துரு இருக்கிறதா, உள் விட்டங்கள் படகின் உடலோடு ஒட்டியே இருக்கின்றனவா என்று பாருங்கள். வெளியே கீலும் உடலும் சேரும் இடத்தின் முன்பக்கத்தில் சிரித்த வாய்போல விரிசல் தெரிந்தால், எப்போது தரை தட்டியது என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் நீங்கள் முதலில் பார்ப்பது, மோசமான படகைச் செலவில்லாமல் கழித்துக்கட்டுவதற்கு. மிச்சத்துக்கு சர்வேயர், அதாவது படகைப் பரிசோதித்து அறிக்கை தருபவர், வேண்டும். படகைக் கிரேனில் தூக்கி நிறுத்திப் பார்க்கும் சர்வேக்கு அடிக்கு 15 முதல் 25 டாலர் வரை கேட்பார்கள், தூக்குக்கூலி தனி. தரகர் சொல்லும் சர்வேயரை வைக்காதீர்கள். பக்கத்து ஊரிலிருந்து ஒருவரை வரவழையுங்கள், பயணச் செலவு போகட்டும். அவர் வேலை செய்யும் நாள் முழுக்க நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். அறிக்கையில் எழுதத் தயங்குவதையும் டீக்கடையில் சொல்லிவிடுவார்கள். தூக்கிய மறுநாள் காலையில் சுக்கானின் அடியில் நீர் சொட்டுகிறதா பாருங்கள். சொட்டினால் உள்ளே ஊறிப்போயிருக்கிறது. உடலைத் துளைத்துப் போகும் வால்வுகளில் ஒன்றை லேசாகச் சுரண்டுங்கள். வெண்கலமோ நல்ல பித்தளையோ மஞ்சளாக மின்னும். இளஞ்சிவப்பாக இருந்தால் பித்தளையிலிருந்த துத்தநாகம் கரைந்துபோய்விட்டது, கையால் தட்டினாலே உடையலாம். மலிவான சாமான்தான், ஆனால் படகை மூழ்கடிக்கப் போதும்.

எஞ்சின் என் துறை, ஆனாலும் சுருக்கமாகவே சொல்கிறேன். நீங்கள் போகும் காலையில் எஞ்சினைத் தொடக் கூடாது என்று முன்பே சொல்லுங்கள். போனதும் கையை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் குளிர்ந்த நிலையில் கிளம்பாத எஞ்சினைச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். கிளம்பியபின் கறுப்புப் புகை கொஞ்சம் வந்து போகலாம், நீலப் புகை நின்றால் எண்ணெய் எரிகிறது. கடல்நீர் போதுமான அளவு வெளியே வருகிறதா, புகைக்குழாய் வளைவு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கடலில் அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டி வெப்பமானியைக் கவனியுங்கள். சேயில்டிரைவ் (எஞ்சினின் கால் படகின் அடியைத் துளைத்து நேரே நீருக்குள் இறங்கும் அமைப்பு) வகையாக இருந்தால் அடியிலுள்ள ரப்பர் வளையம் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். வோல்வோ ஏழு வருஷம் என்கிறது, இருபது வருஷமாக மாற்றாதவர்களும் உண்டு.

மின்னணுக் கருவிகளைப் பார்த்து மயங்க வேண்டாம். பத்து வருஷப் பழைய ரேடாருக்கு மதிப்பு பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாய்த்துணியை நகத்தால் தையலோரம் கீறிப் பாருங்கள், நூல் வந்துவிட்டால் வெயில் தின்றுவிட்டது.

குடியிருப்பதைப் பற்றி. உங்கள் மனைவி இந்தப் படகின் சமையலறையில் நின்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அடுப்பு ஊஞ்சல்போல ஆடும் அமைப்பில் இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் இடுப்பை ஊன்ற இடம் வேண்டும். பிரஷர் குக்கர் கடலுக்கென்றே செய்ததுபோல் அமையும்: மூடி பூட்டிக்கொள்ளும், கவிழ்ந்தாலும் கொட்டாது, கேஸ் குறைவு. கேஸ் சிலிண்டர் படகுக்குள் இருக்கவே கூடாது. எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் அடித்தளத்தில் போய்த் தேங்கி ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும். கடலுக்கு வடிகால் உள்ள தனிப் பெட்டியில்தான் சிலிண்டர் வைக்க வேண்டும். 750 வாட் மிக்ஸியைப் பத்து நிமிடம் ஓட்டினால் 12 வோல்ட் பேட்டரியில் பத்துப் பன்னிரண்டு ஆம்பியர் மணி போகும். 150 வாட் மேசைக் கிரைண்டர் அரை மணி ஓடினாலும் ஆறேழுதான், கிளம்பும்போது இன்வெர்ட்டரை ஒரு இழு இழுக்கும், அதற்கேற்ற இன்வெர்ட்டர் வேண்டும். குளிர்சாதனப் பெட்டிதான் பெரிய தின்னி, நாளுக்கு 50 முதல் 70 ஆம்பியர் மணி. 400 வாட் சோலார் அந்த வெயிலில் நூறு வரை தரும். கணக்கு ஏறக்குறையச் சரியாகிவிடும், மாவும் ஒரே ராத்திரியில் பொங்கிவிடும். தண்ணீர் ஆளுக்கு 15 லிட்டர் என்று வைத்தால் 400 லிட்டர் தொட்டி பதிமூன்று நாள் வரும்.

கடல் மயக்கம் ஒத்துவருமா என்பதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஏற்காட்டுச் சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வருபவர்கள் நம் பஸ்ஸில் எப்போதும் உண்டு. அது முடிவான சோதனை இல்லைதான். இருவரும் பிரிட்டனின் ராயல் யாட்டிங் அசோசியேஷன் (ஆர்ஒய்ஏ) திட்டத்தில் காம்பிடன்ட் க்ரூ என்ற ஐந்து நாள் பயிற்சியைத் தாய்லாந்துப் பக்கம் சேர்ந்து செய்யுங்கள். அந்த ஐந்து நாளும் பள்ளிப் படகிலேயே தூக்கம், சமையல் எல்லாம். அதில் மனைவிக்குப் பிடிக்கவில்லை என்றால் 28 லட்சம் மிச்சம். பிடித்தால் அடுத்த நிலையான டே ஸ்கிப்பர் பயிற்சி இன்னொரு ஐந்து நாள். ஏற்காடு ஏரி மிதிபடகில் பெற்ற அனுபவம் இதற்குக் கணக்கில் வராது.

கடைசியாகக் காகிதம். இந்தியருக்கு இதுதான் மிகப் பெரிய சிக்கல். படகு கைமாறும்போது கொடி, அதாவது அது எந்த நாட்டில் பதிவானது என்ற உரிமை, கூடவே வராது. அமெரிக்க ஆவணப் பதிவு அமெரிக்கக் குடிமக்களுக்கு, பிரிட்டனின் சிறுபடகுப் பதிவு அங்கே வசிப்பவர்களுக்கு. விற்பவர் கொடியை இறக்கிப் பதிவை ரத்து செய்தவுடன், உங்களுக்கு வேறு பதிவு தயாராக இல்லாவிட்டால் அந்தப் படகு நாடில்லாப் படகு. எந்தத் துறைமுகத்திலிருந்தும் வெளியேற அனுமதி கிடைக்காது. எந்த நாடு இந்தியக் குடிமகன் பெயரில் பதிவு தரும், என்ன செலவு, எத்தனை வாரம் என்பதைப் பதிவு முகவரிடம் எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள். இன்சூரன்ஸையும் அதே நேரத்தில் பேசுங்கள். மரீனாக்கள் மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் உள்ளே விடாது, முப்பது வருஷப் படகுக்கு அதற்கு மேல் காப்பீடு கிடைப்பது கஷ்டம்.

முன்பணம் பத்து சதவீதம், தரகரின் வாடிக்கையாளர் கணக்குக்கு, விற்பவரின் சொந்தக் கணக்குக்கு அல்ல. சர்வேயும் கடல் ஓட்டமும் திருப்தியாக இருந்தால் மட்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் வேண்டும். சர்வேயில் பெரிய பழுது வந்தால் விலையைக் குறைக்கவோ முன்பணத்தைத் திரும்ப வாங்கவோ அதுதான் உங்கள் பிடி. கட்டிய காலத்திலிருந்து கைமாறிய விற்பனைப் பத்திரங்கள் முழுசாக இருக்கின்றனவா, கடன் ஏதும் மேலே நிற்கிறதா, மரீனா பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். படகின் பின்பக்கம் பொறித்த அடையாள எண் பத்திரத்தில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். படகோடு வரும் சாமான்களின் பட்டியலையும் இணைத்து இருவரும் கையெழுத்திடுங்கள். அதில் டிங்கியும் (கரைக்குப் போய்வரும் சின்னப் படகு) அதன் அவுட்போர்டு மோட்டாரும் வரிசை எண்ணோடு இருக்கட்டும், இல்லையென்றால் சாவி வாங்கப் போகும் அன்று அவை இரண்டும் பக்கத்துப் படகில் கட்டிக் கிடக்கும்.